நானூற்றுப் பன்னிரண்டு சக்கரங்கள்

கிலோ முப்பத்து நான்கு ரூபாய்க்குப் போட்டோம்.
மடைக்கு ஒன்றாக நானூற்றுப் பன்னிரண்டு
வார்ப்பிரும்புக் கைச்சக்கரங்கள்.
துருப்பிடித்தவை என்று குறிப்பில் எழுதினேன்.
பாதிக்குத்தான் துரு.
கேட் பாஸில் என் கையெழுத்து:
செ. மெகராஜ் பானு, கருவிப் பிரிவு.
ஏர்வாடி விலக்கில் லாரி திரும்பும்வரை
சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது,
கல்யாண வீட்டுப் பாத்திரம் ஏற்றிப் போவதுபோல்.

அந்த வருஷம் தலைமை அலுவலகத்திலிருந்து
ஒரு வியூகம் வந்திருந்தது. அறுபது பக்கம்.
'சார்பு' என்ற சொல்லைத் தேடினேன்.
ஒரே இடம், கடைசிப் பக்கம்:
நிறுவனத்தின் சார்பாக நன்றி.

எந்தப் பாத்தி எத்தனை டிகிரி,
எந்த மடையை எப்போது திறக்க,
இனி அது சொல்லும்; அதுவே திறக்கும்.
பதினோரு வருஷத்து லாக் புத்தகங்களை
நாங்களே தட்டச்சு செய்து கொடுத்தோம்.
கிறுக்கல் புரியாத இடத்தில்
எழுதிய சீனி நைனாவையே கூப்பிட்டுப் படிக்கவைத்தோம்.
'கொண்டல். கண் எரியுது. இப்பவே இறக்கு'
என்று ஒரு வரி.
எந்தக் கட்டத்திலும் அது அடங்கவில்லை.
'மற்றவை'யில் போட்டோம்.

சரியாகத்தான் சொன்னது. பொய் சொல்லக் கூடாது.
மூன்று பருவம் ஒரு மடைகூடப் பிசகவில்லை.
ராத்திரி ஷிப்டில் ஒன்பது பேர் இரண்டு பேரானோம்.
டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழல்
என் மேசையில் பேனாக்களோடு நின்றது.

நாலாம் வருஷம் கட்டணம் இரட்டிப்பு.
பேரம் பேசப் போனவர்கள்
எழுந்து வந்துவிடுவோம் என்று சொல்லிப் பார்க்கலாம்;
எழுந்து எங்கே போவது என்று
எதிரில் இருந்தவருக்கும் தெரியும்.
எங்கள் பதினோரு வருஷத்தைப் படித்த புத்தி
வேறொரு கடற்கரையில், வேறொரு கம்பெனிக்கு
மடை திறந்துகொண்டிருந்தது.
ஒப்பந்தம், பிரிவு பதினான்கு. குற்றமில்லை.

சித்திரை பதினெட்டு, இரவு ஒன்றரை.
'உங்கள் பகுதிக்குச் சேவை தற்காலிகமாக இல்லை.
வரிசையில் உங்கள் எண் 2,117.'
முன்னால் நிற்பவர்களை நினைத்துப் பார்த்தேன்:
சிமெண்ட், உரம், எந்த ஊரிலோ ஒரு குளிர்பதனக் கிடங்கு,
எல்லோரும் ஒரே வாசலில், வாளி இல்லாமல்.
அப்பா தீவுப் பக்கம் வானம் இரண்டு முறை வெட்டியது.
திரையில், கடைசியாக அறிந்த நிலை:
தெளிந்த வானம்.

பம்ப் ஹவுஸிலிருந்து ரூபிஸ்டன் ஓடிவந்தான்.
"மேடம், தண்ணிய இறக்கணும்."
தெரியும்.
முற்றிய தண்ணீரை ஆழத்தொட்டிக்கு இறக்க
மோட்டார் வேண்டும்,
மோட்டாருக்குக் கட்டளை வேண்டும்,
கட்டளைக்கு அது வேண்டும்,
அது கடலுக்கு அந்தப் பக்கம்.
தலைமை அலுவலகத்தை எழுப்பினேன்.
"டிக்கெட் போட்டீங்களா?" என்றது தூக்கக் குரல்.

நாற்பது நிமிஷ மழை.
நாலு மாசம் வெயில் கட்டியதை
வந்த வழியே அனுப்பிவைக்க அது போதும்.
ரூபிஸ்டன் கடப்பாரையோடு போய்
இருநூற்று ஏழாம் மடையை உடைத்தான்.
ஒரு மடை.

விடிகாலை அது திரும்பி வந்தது.
நஷ்ட அறிக்கையை அதுவே எழுதியது,
ஒரு பிழையில்லாமல், வருத்தத்தோடு.
உத்தரவாதம் உள்ள கருவியைச் சேதப்படுத்தியதற்கு
ரூபிஸ்டனுக்கு மெமோ. அதன் நகலிலும்
என் கையெழுத்துதான்.

ஒருவரை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று
தலைமை அலுவலகம் இரண்டாவது கம்பெனியைச் சேர்த்தது.
வியூகம், திருத்திய பதிப்பு, எழுபத்தெட்டுப் பக்கம்.
அடிக்குறிப்பு வரை படித்தேன்:
இரண்டாவது கம்பெனி
முதலாவதிடம்தான் வாடகைக்கு எடுக்கிறது.

சக்கரம் வேண்டுமென்று கொள்முதலில் தட்டினேன்.
'அப்படி ஒரு பொருள் இல்லை.
நீங்கள் தேடியது நாற்காலிச் சக்கரமா?'
ராமநாதபுரத்துப் பழைய இரும்புக்கடைக்காரர் சிரித்தார்:
"அது எப்பவோ உருகிருச்சும்மா."
ஒரு தாளில் வரைந்து பார்க்கிறேன்.
விட்டம் நினைவிருக்கிறது.
எத்தனை ஆரம் என்பது இல்லை.

இருநூற்று ஏழை இன்னும் யாரும் சரிசெய்யவில்லை.
திரையில் அது மூடியே இருக்கிறது, பச்சை விளக்கோடு.
அதன் வழியே தண்ணீர்
போய்க்கொண்டிருக்கிறது.